ஞாயிற்றுக்கிழமை காய்கிற குழி

பிப்ரவரி 6

அன்புள்ள அண்ணனுக்கு,

நாங்கள் இங்கே நலம். உங்கள் காது எப்படி இருக்கிறது? புது மெஷின் காதுக்குள் இரைகிறது என்று எழுதியிருந்தீர்கள், கடைக்காரனிடம் காட்டினீர்களா? போனில் கத்தினால் லாண்டரிக்கு வருகிறவர்கள் எல்லோரும் நின்று கேட்கிறார்கள், உங்களுக்கு மட்டும் கேட்பதில்லை. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

விஷயம் என்னவென்றால், நம் லாண்டரி வாசலுக்கு நேரே ரோட்டில் ஒரு குழி. அடைப்பார்கள், சில வாரம் நிற்கும், பிறகு ஓரம் பெயரும், பழையபடி வாயைத் திறந்துகொள்ளும். அடைக்கிறவர் விசில் மேஸ்திரி. இரண்டு விரலை வாயில் வைத்து விசிலடித்தே ரோலரை முன்னேயும் பின்னேயும் நகர்த்துவார், அதனால் அந்தப் பெயர். போன வாரம் கணக்கு டீச்சர் ஸ்கூட்டரோடு அதில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. விழுந்த சத்தம் நம் மெஷின் சத்தத்தையும் மீறிக் கேட்டது. ஆஸ்பத்திரியில் இருக்கிறார். இனி நடப்பாரா என்று டாக்டர் சொல்லவில்லை.

இவர், உங்கள் மாப்பிள்ளை, தெருவைத் திரட்டி மேஸ்திரி மேல் மனு கொடுத்திருக்கிறார். "தார் எங்க போச்சுன்னா கேக்கறீங்க? அவன் வீட்டுச் சுவரைத் தட்டிப் பாருங்க" என்று வாசலில் நின்று பேசுகிறார், ஆட்கள் சிரிக்கிறார்கள். நீங்கள் ரோடு இலாகா பரிசோதனைக் கூடத்தில் அத்தனை வருடம் இருந்தவர் என்பதால் உங்களிடம் ஒரு அபிப்பிராயம் கையெழுத்தோடு வாங்கித் தரச் சொல்கிறார். தார் குறைவு, வேலை மோசம் என்று வந்துவிட்டால் மேஸ்திரிக்கு வேலை போய்விடும், போலீஸ் கேஸும் வரலாம்.

நேற்று அவர் மனைவி பின்வாசலுக்கு வந்தாள். "அவர் ஒழுங்காத்தாங்க்கா போடறாரு. இந்த இடம் மட்டும் நிக்க மாட்டேங்குதுன்னு வீட்ல வந்து புலம்புறாரு" என்றாள். நீங்கள் யோசித்து எழுதுங்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் தங்கை


பிப்ரவரி 15

அன்புத் தங்கைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நான் சுகமே. காது மெஷினைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டேன், இப்போது அது மேசையிடம் இரைந்துகொண்டிருக்கிறது. டீச்சருக்கு என் அனுதாபத்தைச் சொல்.

மாப்பிள்ளை கேட்கும் அபிப்பிராயத்தைப் பார்க்காமல் எழுதுவது எனக்கு முடியாத காரியம். பார்த்துவிட்டு எழுதுவதே எனக்குப் பல தடவை கஷ்டமாக இருந்திருக்கிறது. அதனால் தெரிந்ததைப் பொதுவாகச் சொல்கிறேன்.

ரோட்டில் நாம் பார்ப்பது ஒரு கறுப்புத் தோல். அதற்குக் கீழே சின்ன ஜல்லி, அதற்குக் கீழே பெரிய ஜல்லி, அதற்கும் கீழே இறுக்கிய மண். லாரியின் பாரத்தைத் தாங்குவது அடியில் இருப்பவைதான். வெயிலில் தாரின் பசை வற்றி இறுகும், என் கைத்தோலைப்போல. மெல்லிய வெடிப்பு விழும். வெடிப்பில் தண்ணீர் இறங்கும். அடி மண் நனைந்து இளகியபின் சக்கரம் ஏறினால் தோல் வளையும். வளைந்து நிமிரும்போது அடியிலிருக்கும் மாவு போன்ற மண்ணைத் தண்ணீரோடு சேர்த்து வெடிப்பு வழியே வெளியே பீச்சும். வெடிப்பைச் சுற்றி வண்டல் கறை நிற்பதைப் பார்த்திருப்பாய். ஒவ்வொரு சக்கரமும் ஒரு சிட்டிகை மண்ணை எடுத்துப்போகிறது. கடைசியில் அடியில் ஒன்றுமில்லாமல் தோல் மட்டும் நிற்கும். அது உடைகிற நாளைத்தான் குழி விழுந்த நாள் என்று நாம் சொல்கிறோம்.

தார் குறைந்தாலும் ஒட்டு நிற்காது. அடி ஈரமாக இருந்தால் எவ்வளவு நல்ல தார் போட்டாலும் நிற்காது. இங்கே எது என்று இந்த நாற்காலியிலிருந்து சொல்ல எனக்குத் துணிவில்லை. நீ கொஞ்சம் பார்த்து எழுது. மழை இல்லாத நாளில் குழி காய்ந்திருக்கிறதா, கசிகிறதா? வெடிப்பு நீளக்கோடாக இருக்கிறதா, முதலைத் தோல்போலக் கட்டம் கட்டமாக இருக்கிறதா? அந்த இடத்தில் யாராவது எதற்காகவாவது ரோட்டைத் தோண்டி மூடியதுண்டா? இவை தெரிந்தால் ஒருவேளை ஏதாவது சொல்லலாம். சொல்ல முடியாமலும் போகலாம்.

மாப்பிள்ளையிடம் நான் மறுத்ததாகச் சொல்லாதே, யோசிப்பதாகச் சொல்.

அன்புடன்,
அண்ணன்


பிப்ரவரி 27

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம், நலமறிய ஆவல். காது மெஷினை மேசையில் வைக்காமல் காதிலேயே வையுங்கள்.

நீங்கள் கேட்டதற்காகக் காலையில் குழிப்பக்கம் போய்க் குந்தி உட்கார்ந்தேன். இவர் வாசலிலிருந்து பார்த்துவிட்டு, "என்ன, மோதிரத்தைத் தொலைச்சிட்டியா?" என்றார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். சாயங்காலம் வரை கடையாட்கள் மோதிரம் தேடினார்கள், பாவம்.

வெடிப்பு கட்டம் கட்டமாகத்தான் இருக்கிறது, முதலைத் தோல் என்று சரியாகத்தான் சொன்னீர்கள். ஆனால் அது ரோட்டின் குறுக்கே ஒரு பட்டையாகப் போகிறது, நம் வாசலிலிருந்து எதிர்ப்பக்கச் சாக்கடை வரை. மற்ற இடத்தில் இல்லை. குழியில் எப்போதும் தண்ணீர் நிற்கிறது, அடியில் வெதுவெதுப்பாக இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் மாலைக்குள் காய்ந்துவிடுகிறது. லாரிகள் அன்றைக்குக் குறைவு என்பதாலோ என்னவோ.

மேஸ்திரி போன வாரம் வந்திருந்தார். இவர் நாற்காலியைக்கூடக் காட்டவில்லை. "வாங்க விசிலு, ஊதிட்டுப் போக வந்தீங்களா?" என்றார். மேஸ்திரி அதைக் காதில் வாங்காத மாதிரி, "சார், அடில ஈரம் இருக்கு. எங்கருந்து வருதுன்னு தெரிஞ்சா நான் பாத்துக்குவேன்" என்றார்.

"வானத்துலருந்து வருது. இது தெரியாமயா மேஸ்திரி ஆன?"

மழை பெய்து எத்தனையோ வாரம் ஆகிறது, அண்ணா.

டீச்சருக்கு ஆபரேஷன் ஆயிற்று. உங்கள் மாப்பிள்ளை அபிப்பிராயம் வந்ததா என்று தினமும் தபால்காரரைக் கேட்கிறார். லாண்டரியில் வேலை அதிகம், ஆஸ்பத்திரி விரிப்புகளும் இப்போது நமக்குத்தான் வருகின்றன. நின்றுகொண்டே எழுதுகிறேன்.

உங்கள் தங்கை


மார்ச் 14

அன்புத் தங்கைக்கு,

பதில் தாமதமாகிவிட்டது, பொறுத்துக்கொள். சளி பிடித்திருந்தது. சளி போனபிறகும் சில நாள் எழுதாமல் இருந்தேன் என்பதும் உண்மை. இப்போது பரவாயில்லை. உன் கால் வலிக்கு நின்றுகொண்டே எழுதுவது ஆகாது.

உன் விவரம் மிக நேர்த்தியாக இருந்தது. எங்கள் பரிசோதனைக் கூடத்தில் இப்படிப் பார்க்கத் தெரிந்தவர்கள் குறைவு. ஆனால் ஒரு முடிவுக்கு வர அது போதுமா என்று எனக்குத் தெரியவில்லை. ஒரு விஷயத்தை ஒரே வழியில் பார்த்துவிட்டு முடிவு சொல்வது எங்களுக்குப் பழக்கமில்லை. இன்னும் இரண்டு வழியில் பார்க்கலாமா என்று கேட்கிறேன்.

ஒன்று, கடப்பாரையின் மொட்டை முனையால் குழியைச் சுற்றி ரோட்டைத் தட்டிப் பார். கெட்டியான இடம் சுருக்கமாகச் சத்தம் போடும். அடி காலியான இடம் வேறு மாதிரி கேட்கும், உனக்கே தெரியும். மற்றது, உங்கள் கடையில் வெள்ளைத் துணிக்குப் போடும் நீலத்தை வழக்கத்தைவிடக் கூடுதலாகக் கழிவுத் தண்ணீரில் கரைத்து விட்டுவிட்டுக் குழியைப் பார். ஏதாவது நிறம் வந்தால் எழுது. வராவிட்டாலும் எழுது. நான் எதையும் சொல்லவில்லை, பார்க்கத்தான் சொல்கிறேன்.

ரோட்டை யாராவது தோண்டினார்களா என்று முன்பு கேட்டிருந்தேன். அந்தக் கேள்வி உன் கண்ணில் படாமல் போயிருக்கலாம். என் கையெழுத்து அப்படி.

மாப்பிள்ளைக்கு என் அன்பு.

அண்ணன்


மார்ச் 22

அன்புள்ள அண்ணனுக்கு,

எல்லோரும் சுகம்.

இவர் துணி கொடுக்க ஓட்டலுக்குப் போயிருந்தபோது கடப்பாரையால் தட்டினேன். குழியைச் சுற்றி இரண்டு ஆள் படுக்கிற அளவுக்கு, அதுவும் சாக்கடைப் பக்கம் அதிகமாக, மேளத்தைத் தட்டுகிற மாதிரி கேட்கிறது. தள்ளிப் போய்த் தட்டினால் டொக்கென்று நின்றுவிடுகிறது. போகிற ஒருவர், "என்னம்மா, புதையலா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

கடையில் நீலம் தீர்ந்துபோயிருக்கிறது. வந்ததும் பார்க்கிறேன்.

உங்கள் அபிப்பிராயத்துக்காக இனிக் காத்திருக்க வேண்டாம் என்று இவர் சொல்கிறார். ஆபீசில் முடிவு செய்துவிட்டார்கள். மேஸ்திரி தன் பொறுப்பில் பழைய ஒட்டைப் பெயர்த்துவிட்டு முழுப் பட்டையையும் ரோலர் விட்டு மறுபடி போட வேண்டும். இந்தத் தடவையும் நிற்காவிட்டால் வேலை போகும். ஏப்ரல் முதல் வாரத்தில் ரோலர் வருகிறது. மேஸ்திரி மனைவிக்கு அதுவே பெரிய ஆறுதல். இன்னொரு தடவை கிடைத்ததே என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அதனால் நல்லபடியாக முடிந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். வெயில் ஏறுகிறது, மாடி அறையில் எப்படி இருக்கிறீர்கள்? நிறையத் தண்ணீர் குடியுங்கள்.

உங்கள் தங்கை


ஏப்ரல் 2

அன்புத் தங்கைக்கு,

உன் கடிதம் வந்து ஒரு வாரமாகிறது. பதில் எழுதிக் கிழித்தேன், மறுபடி எழுதினேன். மாடி சூடுதான், ஜன்னலுக்கு ஈரத்துணி போட்டிருக்கிறேன். நீ கவலைப்படாதே.

ஒரு லாண்டரியில் நீலம் தீர்ந்துபோவது எனக்குக் கொஞ்சம் ஆச்சரியமாக இருந்தது. அதைப்பற்றி மேலே கேட்கவில்லை.

ஈரத்துக்குப் பல காரணம் இருக்கலாம். குடிநீர்க் குழாய் கசியலாம், அடியில் ஊற்று இருக்கலாம், சாக்கடையின் பக்கச்சுவர் விரிசல் விட்டிருக்கலாம். வெதுவெதுப்பான தண்ணீர் என்பதும், ஞாயிற்றுக்கிழமை காய்கிறது என்பதும் வேறொரு பக்கம் கையைக் காட்டுகிற மாதிரி தோன்றலாம். தோன்றுவதெல்லாம் நிஜமாகிவிடாது. வேலை பார்த்த காலத்தில் ஒருமுறை நான் அவசரப்பட்டு ஒரு குவாரி ஜல்லியைத் தள்ளுபடி செய்து, பிறகு என் தராசுதான் பிசகு என்று தெரியவந்தது. அன்றிலிருந்து முடிவு சொல்லும்போது கை தயங்குகிறது. பழைய புத்தகங்களைப் புரட்டினேன். அவற்றிலும் இரண்டு விதமாகத்தான் இருக்கிறது.

கீழ்வீட்டுக்காரர் மகளுக்கு நிச்சயமாகியிருக்கிறது. வீடு நிறைய விருந்தாளிகள். எனக்குச் சத்தம் ஒரு பொருட்டில்லை என்பதால் சௌகரியம்.

இன்னொன்று எழுத நினைத்தேன். நீ சொன்ன மேளச் சத்தம் உண்மையாக இருந்தால் அடியில் மண் போய்ப் பொந்தாகியிருக்க இடமுண்டு. அப்படியிருந்தால், அப்படியிருந்தால் மட்டும், மேலே ரோலர் ஏறுவது உசிதமல்ல. முதலில் கையால் தோண்டிப் பார்த்துவிட்டு ஏற்றலாம் என்று மேஸ்திரியிடம் யாராவது பக்குவமாகச் சொல்ல முடிந்தால் நல்லது. நான் சொன்னதாகச் சொல்ல வேண்டாம், தவறாக இருந்தால் அவருக்கு வீண் தாமதம்.

மற்றபடி ஒன்றுமில்லை.

அன்புடன்,
அண்ணன்


ஏப்ரல் 11

அண்ணா,

உங்கள் கடிதம் ஏப்ரல் ஏழாம் தேதி வந்தது. மேஸ்திரி ஆறாம் தேதி இறந்துவிட்டார்.

காலையிலிருந்து பழைய தாரைப் பெயர்த்தார்கள். புது ஜல்லி கொட்டி ரோலரை ஏற்றினார்கள். மேஸ்திரி சாக்கடைப் பக்கம் நின்று விசிலடித்துக்கொண்டிருந்தார். நான் இஸ்திரி மேசையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். ஒரு நீள விசில் என்றால் முன்னே, இரண்டு குட்டி விசில் என்றால் பின்னே. ஒரு நீள விசில் பாதியில் நின்றது. பிறகுதான் சத்தம்.

ரோடு பாய் மாதிரி உள்ளே மடிந்துவிட்டது. ரோலர் அவர் பக்கம் சாய்ந்து விழுந்தது. ஓட்டுபவர் குதித்துவிட்டார். தெருவே குழியைப் பார்த்து ஓடியது. உங்கள் மாப்பிள்ளை மட்டும் கடைக்குள் ஓடி வந்து மெஷின்களை நிறுத்தினார். ஒவ்வொன்றாக எல்லாவற்றையும் நிறுத்திவிட்டுத்தான் வெளியே போனார். நான் அங்கேதான் நின்றுகொண்டிருந்தேன். என்னைப் பார்த்தார்.

நீலம் தீர்ந்துபோகவில்லை, அண்ணா. உங்கள் கடிதம் வந்த மறுநாளே கரைத்து விட்டேன். விரிப்புகள் ஒரு நடை துவைத்து முடிவதற்குள் குழித் தண்ணீர் நீலமாகிவிட்டது. நான் மேலே ஒரு கூடை குப்பையைக் கொட்டி மூடிவிட்டு வந்தேன்.

பெரிய மெஷின்கள் வாங்கிய வருடம் எதிர்ப்பக்கச் சாக்கடைக்குக் கழிவுக் குழாய் போட இவர்தான் ஒரு விடுமுறை நாளில் ஆள் வைத்து ரோட்டை வெட்டினார். அனுமதி கேட்டால் மாசக்கணக்கில் இழுப்பார்கள் என்றார். வெட்டிய மண்ணையும் உடைந்த செங்கல்லையும் போட்டு மிதித்து மூடினார்கள். மேலே கொஞ்சம் சிமெண்ட். அந்தப் பட்டைதான் வெடித்திருக்கிறது. இது எனக்கு முதல் கடிதம் எழுதும்போதே தெரியும். நீங்கள் வேறு ஏதாவது காரணம் சொல்வீர்கள் என்று நினைத்தேன்.

மேஸ்திரி மனைவி வந்து ரோட்டில் உட்கார்ந்திருந்தாள். யாரோ ஒரு விரிப்பு கேட்டார்கள். நம் கடை விரிப்பைத்தான் கொடுத்தேன்.

தங்கை


ஏப்ரல் 19

தங்கைக்கு,

உன் கடிதத்தைப் பலமுறை படித்தேன்.

உன் மேல் கோபப்பட எனக்கு யோக்கியதை இல்லை. லாண்டரி மூடியிருக்கிற ஞாயிற்றுக்கிழமை மட்டும் குழி காய்கிறது என்று நீ எழுதிய அன்றே எனக்குப் புரிந்துவிட்டது. மேளச் சத்தம் என்று எழுதிய அன்று ரோலர் ஏறக்கூடாது என்பதும் தெரிந்துவிட்டது. அதை முதல் வரியில் எழுதாமல் கடைசித் தாளின் அடியில், ஊற்றுக்கும் தராசுக்கும் விருந்தாளிக்கும் பிறகு எழுதினேன். கீழ்வீட்டுக்காரரிடம் சொல்லி ஒரு போன் பண்ணச் சொல்லியிருக்கலாம். வீட்டில் ஆட்கள் இருக்கும்போது தொந்தரவு செய்ய வேண்டாமே என்று படியிறங்காமல் இருந்துவிட்டேன்.

விசாரணை வரும். பழி மேஸ்திரி மேல் விழுந்தால் அவர் மனைவிக்கு இலாகாவிலிருந்து எதுவும் கிடைக்காது. ஆகவே விசாரணை அதிகாரிக்கு நானே எழுதியிருக்கிறேன். கழிவுக் குழாய், அடி மண் போன விதம், எனக்கு எப்போது தெரியும் என்பது, எல்லாவற்றையும். தட்டிப் பார்த்தவர் நீ என்றும் எழுதியிருக்கிறேன். உன்னைக் கேட்பார்கள். கேட்டால் உள்ளதைச் சொல்.

மாப்பிள்ளைக்கு இதனால் வரும் கஷ்டம் எனக்குத் தெரியும்.

அண்ணன்


ஜூன் 3

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம். இத்தனை நாள் எழுதாததற்குக் காரணம் சொல்லப்போவதில்லை.

உங்கள் கடிதத்தை எடுத்துக்கொண்டு அதிகாரி கடைக்கே வந்தார். அதற்குள் இவர் ரோட்டுக்கு அடியில் போன குழாயை அடைத்துவிட்டு, சுவரோரமாக நம் பக்கச் சாக்கடைக்கு வேறு குழாய் போட்டுவிட்டார். விழுந்த பள்ளத்தையும் மறுநாளே மண்ணடித்து மூடிவிட்டார்கள். அதிகாரி வாசலில் நின்று உங்கள் கடிதத்தைச் சத்தமாகப் படித்தார். இவர் முழுக்கக் கேட்டார். கேட்டுவிட்டு, "எம் மச்சானுக்குக் காது மட்டும்தான் போச்சுன்னு நெனச்சிட்டிருந்தோம் சார்" என்றார்.

அதிகாரி என்னிடம் திரும்பினார். "நீங்க கடப்பாரையால தட்டிப் பாத்தீங்களா?"

கடையாட்கள் வேலையை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார்கள். அவர்களுக்கும் இந்தக் கடைதான் சோறு.

"இல்லைங்க. அண்ணனுக்கு வயசாயிடுச்சு. ஏதாவது எழுதிக்கிட்டே இருப்பாரு" என்றேன்.

அப்படித்தான் சொன்னேன், அண்ணா. அவர் கடிதத்தை நான்காக மடித்துப் பைக்குள் வைத்தார். ரோலர் ஏற்றும்முன் அடியைச் சோதிக்காதது மேஸ்திரியின் கவனக்குறைவு என்று முடிவு எழுதிவிட்டார்கள்.

புது மேஸ்திரி வந்து பட்டை முழுவதையும் போட்டார். இப்போது குழி விழுவதே இல்லை. ரோடு பலகை மாதிரி இருக்கிறது. ஆட்கள் போகும்போதும் வரும்போதும், "வேலைன்னா இது வேலை. அந்த ஆளு என்னத்தைப் போட்டானோ" என்கிறார்கள். டீச்சர் ஊன்றுகோலோடு வந்து பார்த்துவிட்டு அதையேதான் சொல்லிவிட்டுப் போனார்.

மேஸ்திரி மனைவிக்கு வேறு வழியில்லை. நம் கடையில் இஸ்திரி போட வருகிறாள். நான்தான் கேட்டேன், இவர் உடனே சரி என்றார். எல்லோரிடமும் சொல்லிக்கொள்கிறார். அவள் முதுகைப் பார்த்துக்கொண்டு நாளெல்லாம் துணி மடிக்கிறேன். அவள் மேசை ரோட்டைப் பார்த்துத்தான் இருக்கிறது, ஆட்கள் பேசுவதெல்லாம் அவளுக்குக் கேட்கும்.

நீங்கள் என்னை ஒதுக்கிவிட்டாலும் சரிதான். மருந்தை மட்டும் நிறுத்தாதீர்கள்.

தங்கை


ஜூன் 14

அன்புத் தங்கைக்கு,

உன்னை ஒதுக்கிவிட்டால் எனக்கு யாரிருக்கிறார்கள்? மருந்து சாப்பிடுகிறேன்.

எனக்குப் புத்தி தடுமாறுகிறது என்று நீ சொன்னதில் வருத்தமில்லை. அதிகாரி கேட்டபோது அந்த இடத்தில் நான் நின்றிருந்தால் நானும் ஏறக்குறைய அப்படித்தான் எதையாவது முணுமுணுத்திருப்பேன். எனக்குத் தாங்காமல் இருப்பது வேறு. அந்தப் புது ஒட்டு நிற்பது தண்ணீர் நின்றுவிட்டதால். பழைய மேஸ்திரி போட்டிருந்தாலும் நின்றிருக்கும். அது நிற்கிற ஒவ்வொரு நாளும் செத்தவன் மேல் சாட்சி சொல்லிக்கொண்டிருக்கிறது. அதை அவன் மனைவி இஸ்திரிப் பெட்டியைப் பிடித்துக்கொண்டு கேட்கிறாள்.

மேல் அதிகாரிக்கு மனுப் போட்டேன். வருகிற மாதம் ஐந்தாம் தேதி நேரில் வரச் சொல்லியிருக்கிறார். பஸ்ஸில் வருகிறேன். அவர் கேட்பது எனக்குக் காதில் விழாது என்பதால், என்னென்ன கேட்பார் என்று யோசித்து எல்லாவற்றுக்கும் பதில் எழுதி வைத்திருக்கிறேன். உன் வீட்டில் தங்கமாட்டேன், அது உனக்குச் சங்கடம். உன்னை எதுவும் சொல்லச் சொல்லி இனிக் கேட்கமாட்டேன். ரோட்டை வெட்டிப் பார்க்கச் சொல்லித்தான் கேட்கப்போகிறேன். அடைத்த குழாய் அங்கேதானே இருக்கும்.

நான் அதையும் சரியாகச் சொல்வேனா என்று தெரியவில்லை. பயமாகத்தான் இருக்கிறது.

உன் கால் வலி எப்படி இருக்கிறது?

அன்புடன்,
அண்ணன்


ஜூலை 1

அன்புள்ள அண்ணனுக்கு,

பஸ் வேண்டாம். இந்த வெயிலில் அவ்வளவு தூரம் உங்களால் உட்கார முடியாது. நேற்று நானே போய்ச் சொல்லிவிட்டேன்.

போவதற்கு முன் முதலில் மேஸ்திரி மனைவியிடம்தான் சொன்னேன். மத்தியானம் கடையாட்கள் சாப்பிடப் போனபிறகு. குழாய், நீலம், கடப்பாரை, குப்பைக்கூடை எல்லாம். அவள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள். நான் முடித்தபிறகு, "அப்ப நான் பின்வாசலுக்கு வந்தன்னிக்கே உங்களுக்குத் தெரியுமாக்கா?" என்றாள். ஆமாம் என்றேன். செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விட்டாள்.

மேல் அதிகாரி, முன்பு ஏன் இல்லையென்று சொன்னீர்கள் என்று கேட்டார். பயந்துவிட்டேன் என்றேன். அதையும் எழுதிக்கொண்டார். இன்று காலை ஆட்களோடு வந்து அந்தப் பட்டையை வெட்டினார்கள். குழாய் இருந்தது, வாய் அடைத்தபடி. கடையைப் பூட்டச் சொல்லிவிட்டார்கள். உங்கள் மாப்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார்கள். போகும்போது சட்டைப் பொத்தான் போட அவருக்குக் கை வரவில்லை, நான்தான் போட்டுவிட்டேன். என் முகத்தைப் பார்க்கவில்லை. கடையாட்கள் ஒருவரும் என்னிடம் சொல்லிக்கொண்டு போகவில்லை.

பூட்டுவதற்கு முன் துணிகளைத் திருப்பிக் கொடுக்கச் சாயங்காலம் வரை நேரம் கொடுத்தார்கள். நான் தனியாகப் பிரித்துக்கொண்டிருந்தபோது அவள் வந்தாள். அவளாகவே, "பாதில விட்டுட்டுப் போயிட்டேன்" என்றாள். மேசையில் நேற்று விட்ட குவியல் அப்படியே இருந்தது. பெட்டியைச் சூடு பண்ணி ஒவ்வொன்றாகப் போட்டு மடித்து அடுக்கினாள். வெளியே வெட்டிய ரோட்டைச் சுற்றி ஆட்கள் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். ஒருதடவைகூட நிமிரவில்லை. நான் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுபோய் மேசை ஓரத்தில் வைத்தேன். அதைத் துணியில் படாமல் தள்ளி வைத்துவிட்டு வேலையைப் பார்த்தாள். எல்லாம் முடிந்ததும் ஸ்விட்சை அணைத்தாள், போய்விட்டாள்.

தண்ணீர் அப்படியே இருந்தது.

நான் நலம். கால் வலி பழையபடிதான். உங்கள் காது எப்படி இருக்கிறது என்று எழுதுங்கள்.

உங்கள் தங்கை